இரைச்சல் இல்லாத மத்தியானம்

அந்த நாற்காலியில் சாய்ந்து உட்காராதீர்கள். பின்கால் ஒன்று கொஞ்சம் குட்டை. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் ஆடாது. சரிசெய்ய வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன். இந்த வீட்டில் ஏதாவது ரிப்பேரானால் உடனே ஸ்க்ரூ டிரைவரோடு வந்து நிற்பவர் என் அண்ணன்தான். அவர் படுத்த பிறகு எல்லாம் ஆடுகிறபடியே ஆடிக்கொண்டிருக்கிறது.

அலமாரியில் இருக்கும் சின்ன ஸ்பீக்கரைப் பார்க்கிறீர்கள். அது இணைப்பில் இல்லை. வயரைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறேன்.

நீங்கள் விசாரிக்க வந்தது வேறொரு ஊரில் இறந்துபோன சிறுமியைப் பற்றி. அந்த வீட்டில் மூச்சுக் கருவியின் அபாய மணி ஏன் அடிக்கவில்லை என்பது உங்கள் கேள்வி. மணியை அடிக்கவைக்கும் கணினி நிரலை எழுதியவர், தப்பு தன் மேல்தான் என்று எல்லோருக்கும் அறிவித்துவிட்டார். இப்போது கணினிப் பக்கமே போவதில்லை, யாரோடும் பேசுவதில்லை என்று சொல்கிறார்கள். அவர் மேல் தப்பில்லை. அதைச் சொல்லத்தான் உங்களை வரச் சொன்னேன். கொஞ்சம் தொழில் விஷயம் கலந்து வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணி பள்ளிக்கூடத்திலிருந்து வருவதற்குள் முடித்துவிடலாம்.

கணினியை இயக்கும் லினக்ஸ் என்பது ஒரே பொருள் இல்லை. பல குழுக்கள் அதைத் தங்கள் தங்கள் போக்கில் தொகுத்துக் கொடுக்கின்றன. அப்படி ஒரு குழுவில் நான் பேக்கேஜ் கட்டுகிறவன். யாரோ எழுதிய நிரலை எடுத்து, எங்கள் தொகுப்பில் பாந்தமாக உட்காரும்படி கட்டி, பதிப்பு எண் போட்டு அனுப்புவேன். சம்பளம் கிடையாது. சம்பளத்துக்கு வேறு வேலை, அதுவும் வீட்டிலிருந்தே.

நிரல்கள் எல்லா வேலையையும் தாங்களே செய்வதில்லை. ஒலி எழுப்ப ஒரு லைப்ரரி, படம் காட்ட ஒரு லைப்ரரி என்று பொதுவாக இருப்பவற்றை இரவல் வாங்கிக்கொள்ளும். சில பேர் அதன் நகலைத் தங்கள் நிரலுக்குள்ளேயே போட்டு வைத்துக்கொள்வார்கள். எங்கள் குழுவின் விதி அதற்கு ஒப்பாது. அடுக்குமாடிக் குடியிருப்பில் ஆளுக்கொரு தண்ணீர்த் தொட்டியைக் கட்டிலுக்கடியில் வைத்துக்கொண்டால் எந்தத் தொட்டியில் புழு விழுந்தது என்று யாருக்குத் தெரியும்? மொட்டைமாடியில் ஒரே தொட்டி இருந்தால், அதைக் கழுவினால் எல்லார் வீட்டுக் குழாயும் சுத்தம். ஆகவே உள்ளே இருக்கும் நகலை வெட்டி எடுத்து, லைப்ரரியைத் தனி பேக்கேஜாகக் கட்டி, எல்லா நிரல்களும் அதையே பயன்படுத்தும்படி செய்ய வேண்டும். இதில் நான் கெட்டிக்காரன். குழுவில் என்னைக் கத்தரிக்கோல் என்றுதான் கூப்பிடுவார்கள்.

மணி நிரலும் அப்படி ஒரு ஒலி லைப்ரரியின் நகலை உள்ளே வைத்திருந்தது. அதை எழுதியவரை நாங்கள் மணிக்காரர் என்போம். நேரில் பார்த்ததில்லை, போனில் பழக்கம். வீட்டில் மூச்சுக் கருவியோடு படுத்திருப்பவர்களுக்காக அவர் அதை எழுதினார். கருவியிலிருந்து ஒரு வயர், எங்கள் லினக்ஸ் தொகுப்பில் ஓடும் சின்னக் கணினிப் பெட்டிக்குப் போகும். குழாய் கழன்றாலோ காற்று குறைந்தாலோ வீட்டில் எங்கெங்கே ஸ்பீக்கர் இருக்கிறதோ அங்கெல்லாம் மணி அடிக்கும். யாராவது போய்ப் பொத்தானை அழுத்துகிற வரை நிற்காது.

அந்த நகலைப் பிரிக்கப்போகிறேன் என்று குழுவில் சொன்னதும் மணிக்காரர் போன் செய்தார்.

"சார், கத்தரிக்கோல எடுத்துட்டீங்களாமே. என் பிள்ளைய மட்டும் விட்டுடுங்க சார்."

"விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே."

"உங்க விதியில மண்ணப் போட. உள்ள இருக்கிற லைப்ரரில சின்னதா ஒரு கைவேலை பண்ணி வெச்சிருக்கேன். அது இல்லன்னா மணி தூங்கிடும்."

"அந்தத் திருத்தத்த பொது லைப்ரரிலயே சேர்த்துடறேன். எல்லாருக்கும் நல்லதுதானே."

"சேர்த்துடுவீங்கல்ல?"

"சேர்த்துடறேன்."

"அப்ப சரி. நீங்களே மணி வெச்சிருக்கிற வீட்டுக்காரர். உங்கள விட யாரு அக்கறையா பண்ணப்போறாங்க."

அந்தக் கைவேலை என்னவென்று சொல்கிறேன். நெடுநேரம் ஒலி எதுவும் இல்லையென்றால், மின்சாரத்தை மிச்சப்படுத்த அந்த லைப்ரரி ஸ்பீக்கரைத் தூங்க வைத்துவிடும். திடீரென்று ஒலி வந்தால் எழுப்பும். ஆனால் அது எழுந்திருக்கும்போது முதலில் வந்த ஒலி விழுங்கப்பட்டுவிடும். பாட்டுக் கேட்பவர்களுக்கு இதனால் ஒன்றுமில்லை. பாட்டை மறுபடி தட்டிவிட்டால் போயிற்று. மணி நிரல் அப்படியில்லை. அது ஒரே ஒரு நீண்ட மணியைத்தான் அடிக்கும். அது விழுங்கப்பட்டுவிட்டால் விழுங்கப்பட்டதுதான். நிரலைப் பொறுத்தவரை மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. திரையில்கூடச் சிவப்பாகக் காட்டும். வீட்டில் மட்டும் சத்தம் இருக்காது. மணிக்காரரின் திருத்தம் ஸ்பீக்கரைத் தூங்கவே விடாது. மணி அடிக்காத நேரமெல்லாம் காலி ஒலி ஒன்றை ஒலித்துக்கொண்டே இருக்கும். காதுக்குக் கேட்காத ஒலி. சரியாகச் சொன்னால், பக்கத்தில் படுத்திருப்பவனுக்கு மட்டும் ஸ்ஸ் என்று மெல்லிசாக ஓர் இரைச்சல்.

நான் அந்தத் திருத்தத்தைக் கோப்பாக என் பேக்கேஜுக்குள் போட்டேன். யார் திறந்து பார்த்தாலும் அது அங்கே இருக்கும். ஆனால் கோப்பு இருந்தால் மட்டும் போதாது. கட்டும்போது எந்தத் திருத்தங்களைச் சேர்க்க வேண்டும் என்று ஒரு வரிசை இருக்கிறது, அதிலும் அதன் பெயரை எழுத வேண்டும். அந்த ஒரு வரி விட்டுப்போயிற்று. எங்கள் தொழிலில் இது சகஜம். பின்னால் அதைச் சரிசெய்தபோது குழுவில் யாரும் புருவத்தைக்கூட உயர்த்தவில்லை. "கத்தரிக்கோலுக்கும் கண்ணு மங்கிடுச்சு" என்று ஒருவர் சிரித்தார். திருத்தம் சேர்ந்துதான் போயிருக்கிறது என்று மணிக்காரர் நம்பினார். அதனால்தான் மணி அடிக்கவில்லை என்றதும் தன் நிரலிலேயே பிழையைத் தேட ஆரம்பித்தார். கிடைக்கவில்லை. கிடைக்காத பிழையைத் தன் தலைமேல் போட்டுக்கொண்டார்.

இதுதான் நடந்தது. நீங்கள் எழுதிக்கொள்ளலாம்.

இல்லை, ஒரு திருத்தம். விட்டுப்போயிற்று என்பது சரியில்லை. பேக்கேஜை அனுப்புவதற்கு முன்பு நான் எப்போதும் சோதித்துப் பார்ப்பேன். இந்த மேஜையில்தான் பெட்டியை வைத்து, நெடுநேரம் சும்மா விட்டு, குழாய் கழன்றதுபோல ஒரு சமிக்ஞை கொடுத்தேன். திரை சிவந்தது. ஸ்பீக்கரில் ஒன்றும் வரவில்லை. வரிசையில் அந்த வரியைச் சேர்த்து மறுபடி கட்டிப் பார்த்தேன், மணி அடித்தது. ஆக என்னிடம் இரண்டு பேக்கேஜ்கள் இருந்தன. வரி இருப்பதைக் கணினியிலேயே வைத்துக்கொண்டு, வரி இல்லாததை அனுப்பினேன்.

ஏன் என்று கேட்பீர்கள். அதற்கு இந்த வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அண்ணன் எலக்ட்ரீஷியன். கம்பத்திலிருந்து விழுந்ததில் கழுத்துக்குக் கீழே எல்லாம் போயிற்று, மூச்சு உட்பட. தொண்டையில் துளையிட்டுக் குழாய் வைத்தார்கள். கீழே, நீங்கள் உள்ளே வந்ததும் வலது பக்கம் இருக்கிறதே, அதுதான் அவர் அறை. என் அறை நேர் மேலே, இதுதான். அண்ணி கணக்கு டீச்சர். பகலில் அவர் பள்ளிக்கூடத்தில் இருப்பார், நான் வீட்டில் இருப்பேன். அப்படி அமைந்துபோயிற்று. யாரும் என்னைக் கேட்கவில்லை, நானும் மறுக்கவில்லை. எனக்கு வெளியூரில் ஒரு நல்ல வேலை வந்தது. போகாதே என்று ஒருவரும் சொல்லவில்லை. போ என்றும் சொல்லவில்லை.

கருவி காற்றைத் தள்ளும்போது மட்டும்தான் அவரால் பேச முடியும். ஒரு வாக்கியத்தை மூன்றாக உடைத்து, நடுவில் காத்திருந்து பேசுவார். அதனால் அவர் ஜோக்குகள் தாமதமாகத்தான் வந்து சேரும்; முதல் பாதியிலேயே நமக்குச் சிரிப்பு வந்துவிடும். வேலை அதிகம், மூச்சு விட நேரமில்லை என்று ஒருநாள் அலுத்துக்கொண்டேன்.

"டேய் மாடிக்காரா," என்றார். கருவி ஒரு சுற்று ஓடியது. "எனக்கு மூச்சு விட... ஒரு மெஷின் போட்டிருக்கு." இன்னொரு சுற்று. "வேணும்னா சொல்லு... உனக்கும் ஒரு கனெக்‌ஷன்... இழுத்துத் தரச் சொல்றேன்."

அவர் துன்பப்பட்டார் என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் அண்ணி மறுப்பார். காலையில் செய்தி கேட்பார், தெருவில் போகிறவர்களின் குரலை வைத்து யார் என்று கண்டுபிடிப்பார், அண்ணி கொண்டுவரும் பரீட்சைத் தாள்களில் பிள்ளைகள் எழுதிய தப்பு விடைகளைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக் கண்ணில் நீர் வரச் சிரிப்பார். சாக வேண்டும் என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இருமினாலோ குழாயின் எடை ஒரு பக்கமாக இழுத்தாலோ சில சமயம் அது கழன்றுவிடும். போய் அழுத்தி வைத்தால் போதும், ஒரு சின்ன வேலை. ஆனால் உடனே போக வேண்டும். அவரால் கூப்பிட முடியாது. கூப்பிடுவதற்கான காற்றும் அதே குழாயில்தான் வர வேண்டும். கருவியிலேயே ஒரு பீப் சத்தம் உண்டு. ஆனால் அவர் கதவை மூடச் சொல்வார், துடைத்துவிடுவதும் துணி மாற்றுவதும் வாசலுக்குத் தெரியக் கூடாது என்று. மூடிய கதவைத் தாண்டி அந்த பீப் மாடிக்குக் கேட்காது. அதனால்தான் மணி வாங்கி வைத்தோம். சமையலறையில் ஒரு ஸ்பீக்கர், என் தலைமாட்டில் ஒரு ஸ்பீக்கர்.

மாட்டிய முதல் நாளே அந்த இரைச்சலைக் கவனித்தேன். அண்ணனிடம் சொன்னேன்.

"சத்தம் வந்தா... கரண்ட் ஓடுதுன்னு அர்த்தம்... சந்தோஷப்படு," என்றார். "சத்தமில்லாத லைன்தான்டா... ஆளக் கொல்லும்."

அப்போதே மணிக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டேன். காலி ஒலியைப் பற்றி, தூங்கும் ஸ்பீக்கரைப் பற்றி, எல்லாம் விளக்கமாகச் சொன்னார். ஆகவே கைவேலை என்னவென்று நான் பிரிக்கும்போதுதான் கண்டுபிடித்தேன் என்று உங்களுக்குத் தோன்றும்படி பேசியிருந்தால் அதையும் திருத்திக்கொள்ளுங்கள். எனக்குப் பல வருஷமாகத் தெரியும்.

அந்த இரைச்சலைப் பற்றி நான் யாரிடமும் குறை சொன்னதில்லை. படுத்தால் கேட்கும். தலையணையைக் காதில் வைத்து அழுத்தினால் இன்னும் தெளிவாகக் கேட்கும். கல்யாணப் பேச்சு வந்தபோது பெண் வீட்டார் மாடியைப் பார்க்க வந்தார்கள். அந்தப் பெண் இந்த அலமாரிப் பக்கம் நின்று, "என்னவோ ஸ்ஸ்னு கேக்குதே" என்றாள். விளக்கினேன். அவர்கள் அப்புறம் வரவில்லை. அதில் அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு நிரலுக்குள் இன்னொன்றின் நகலைப் போட்டு வைத்தால் இரண்டையும் சேர்த்துத்தான் எடுத்துப்போக வேண்டும். அதற்காகத்தான் விதி.

நீங்கள் இப்போது கேட்கப்போவதும் நியாயமானதே. இரைச்சல் வேண்டாம் என்றால் இந்த வீட்டுப் பெட்டியில் மட்டும் மாற்றியிருக்கலாமே, ஊரெல்லாம் போகிற பேக்கேஜில் ஏன் கை வைத்தாய்? இதை நானும் யோசித்தேன். இந்த வீட்டில் மட்டும் மணி அடிக்கவில்லை என்றால், அது இந்த வீட்டில் ஒருவர் செய்த காரியம். எல்லா வீட்டிலும் அடிக்கவில்லை என்றால், அது பேக்கேஜ் கட்டுவதில் நேர்ந்த பிழை.

முதலில் சோதனைக்காரர்களுக்குப் போயிற்று. அவர்களில் யாரிடமும் நெடுநேரம் சும்மா இருந்துவிட்டு மணி அடிக்க வேண்டிய ஸ்பீக்கர் இல்லை, அதனால் புகார் வரவில்லை. பிறகு எல்லோருக்கும் போயிற்று. எங்கள் பெட்டியும் தானாகவே இறக்கிக்கொண்டது. அன்று மத்தியானம் அண்ணனுக்குச் சாப்பாட்டுக் குழாயைக் கழுவி வைத்துவிட்டு மேலே வந்து படுத்தேன். இரைச்சல் இல்லை. இப்படி ஒரு அறை எனக்கு இருக்கிறது என்பதே அன்றுதான் தெரிந்தது. அசந்து தூங்கினேன். ஒன்றும் ஆகவில்லை. மறுநாளும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த நாட்களில்தான் சிறுமியின் அப்பா எங்கள் குழுவின் பொதுப் பக்கத்தில் கேட்டிருந்தார். அதை நீங்கள் பார்த்திருப்பீர்கள், அதை வைத்துத்தான் என் பெயரைப் பிடித்திருப்பீர்கள். 'அப்டேட் ஆனதிலிருந்து ஸ்பீக்கரில் வழக்கமாக வரும் சின்ன இரைச்சல் வரவில்லையே, பரவாயில்லையா?' என்று. வேறு யாரும் பதில் சொல்வதற்கு முன் நான் சொன்னேன். 'பரவாயில்லை. இப்போது சுத்தமாக இருக்கிறது' என்றேன். அவர் நன்றி சொன்னார். மரியாதையான மனுஷர்.

ஒவ்வொரு நாளும் சரியான பேக்கேஜ் என் கணினியில் இருந்தது. ஒரு கட்டளை போதும். நாளைக்கு அனுப்பலாம் என்று நினைப்பேன். கீழே போனால் அண்ணன் நன்றாக இருப்பார்.

கடைசி மத்தியானம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "மூஞ்சி தெளிஞ்சிருக்கே... நல்லா தூங்கறியா?" என்றார்.

"ம்."

"தூங்கு தூங்கு." கருவி காற்றைத் தள்ளியது. "நான் எங்க... ஓடிடப்போறேன்."

கதவை மூடிவிட்டு மேலே வந்தேன். டீ வேளைக்கு எழுந்து இறங்கியபோது எல்லாம் முடிந்திருந்தது. குழாய் தோள்மேல் கிடந்தது. கருவி தன் வேலையை விடாமல் செய்துகொண்டிருந்தது, காற்று போர்வைக்குள் போய்க்கொண்டிருந்தது. பெட்டியின் திரை சிவப்பாக, மணி அடிக்கிறது என்று காட்டியது. பொத்தானை அழுத்தினேன். அதற்குப் பிறகு மேலே வந்து, வரி இருக்கும் பேக்கேஜை அனுப்பினேன். அதற்கும் பிறகுதான் அண்ணிக்குப் போன் செய்தேன். வரிசை முக்கியம் என்பதால் சொல்கிறேன்.

சரியானது போய்விட்டது, இனி யாருக்கும் ஆபத்தில்லை என்றுதான் நினைத்தேன். சிறுமியின் வீட்டில் அப்பாவின் போன் இருந்தால்தான் இன்டர்நெட். பழுதானதை இறக்கிக்கொண்ட பிறகு அவர் வேலையாக வெளியூர் போய்விட்டார். சரியானது அந்தப் பெட்டிக்கு வந்து சேரவில்லை. நான் அவருக்குத் தனியாக ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். உடனே அப்டேட் செய்யுங்கள் என்று. சொன்னால், ஏன் இவ்வளவு அவசரம் என்று கேட்டிருப்பார்.

எல்லாம் முடிந்து வீட்டில் ஆட்கள் குறைந்த பிறகு, அண்ணி மாடிக்கு வந்தார். இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார், அப்போதும் ஆடியது.

"மெஷின் கைவிட்டுடுச்சு தம்பி. நீங்க கைவிடல," என்றார். "நீங்க இல்லன்னா அவரு இத்தனை வருஷம் இருந்திருக்கவே மாட்டாரு. இனிமேலாச்சும் உங்களுக்குன்னு ஒரு வாழ்க்கையப் பாருங்க."

அன்றைக்குத்தான் ஸ்பீக்கரைப் பிடுங்கினேன். மறுநாள் மத்தியானம் படுத்தேன். ஸ்ஸ் என்று கேட்டது. எழுந்து வயரைப் பார்த்தேன், சுருட்டியபடி இருந்தது. சமையலறை ஸ்பீக்கரையும் பிடுங்கினேன். கீழே அந்த அறையில் போய்ப் படுத்துப் பார்த்தேன், அங்கேயும் கேட்டது. அண்ணிக்குக் கேட்கவில்லை. உங்களுக்கும் கேட்காது என்று நினைக்கிறேன். தினமும் அந்த வேளைக்கு ஆரம்பிக்கிறது. பழகிக்கொள்ளலாம், முன்பும் பழகியிருக்கிறேன்.

மணிக்காரரிடம் சொல்லிவிடுங்கள், அவர் நிரலில் பிழையில்லை. நான் வேறு எவருடைய மணியையும் கெடுக்க நினைத்ததில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அண்ணி வருகிற நேரம். ஒரே ஒரு திருத்தம் பாக்கி இருக்கிறது. கடைசி மத்தியானம் நான் தூங்கி எழுந்தேன் என்று சொன்னேன், அது சரியில்லை. கருவியின் பீப் மாடிக்குக் கேட்காது என்றதும் சரியில்லை. இத்தனை வருஷமும் கேட்காததற்குக் காரணம் மூடிய கதவு இல்லை, தலைமாட்டில் இருந்த இரைச்சல். அது போன பிறகு இந்த அறை அவ்வளவு நிசப்தமாக இருந்தது. தரை வழியாக பீப் பீப் என்று, சின்னதாக, ஆனால் சந்தேகமில்லாமல் கேட்டது. கண்ணைத் திறந்துகொண்டு படுத்திருந்தேன். ஸ்பீக்கரைப் பார்த்தேன். அதில் ஒன்றும் வரவில்லை.

மணி அடித்திருந்தால் கண்டிப்பாக இறங்கிப் போயிருப்பேன்.